மானியம் போன தேதி

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியில் பில் போடும் வேலை எனக்கு. ஏஜென்சி என்றதும் ஏதோ பெரிய இடம் என்று நினைக்க வேண்டாம். முன்னால் ஒரு கவுன்டர், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஊருக்கு வெளியே ஒரு குடோன், நாலைந்து வண்டி. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸுக்கும் பயர் ஆபீஸுக்கும் போகிறவர்கள் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம், பயர் என்றால் பட்டாசு). மற்றவர்கள் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள், கொத்தனார்கள், சித்தாள்கள், கடைகளில் வேலை பார்ப்பவர்கள். யார் வீட்டில் எப்போது கேஸ் தீரும் என்பது அந்த வீட்டு ஆம்பளைகளுக்குத் தெரிகிறதோ இல்லையோ, எனக்குத் தெரியும்.

எரிபொருள் மானியத்தை எடுத்தால் ஏழைகளுக்கு என்ன ஆகும் என்று டிவியில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். ஏதோ ஒருநாள் ராத்திரி சுவிட்சை அணைத்த மாதிரி இருக்கும் அந்தப் பேச்சு. கவுன்டரில் உட்கார்ந்து நான் பார்த்தது வேறு. முதலில் மானியத்துக்கு எண்ணிக்கை வைத்தார்கள். அப்புறம் அதை பில்லிலிருந்து எடுத்து பேங்குக்கு மாற்றினார்கள். அப்புறம் மாதாமாதம் இளைக்க விட்டார்கள். கடைசியில் அது நின்றபோது, எந்தத் தேதியில் நின்றது என்று கேட்டு வந்தவர்களுக்குக் காட்ட எங்களிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கவுன்டர் டிராயரில் ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று கிடக்கும். புதுக் கனெக்‌ஷன் வாங்க வருகிறவர் ரேஷன் கார்டு கொண்டுவர வேண்டும். அதில் எத்தனை சிலிண்டர் என்று குத்தி அனுப்புவோம். சிலிண்டர் இல்லாத கார்டுக்கு மண்ணெண்ணெய் கூடுதல், ஒரு சிலிண்டர் என்றால் குறைவு, இரண்டு என்றால் ஒன்றும் கிடையாது. அதனால் ஸ்டாம்ப் குத்தும்போது "கொஞ்சம் லேசா குத்துங்க சார்" என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. மங்கலாக இருந்தால் ரேஷன் கடைக்காரர் கவனிக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. மண்ணெண்ணெயின் பாடு அப்புறம் தனிக் கதையாகப் போயிற்று. மத்திய ஒதுக்கீடு வருஷா வருஷம் குறைந்தது. 2016-லிருந்து 25 பைசா, 25 பைசா என்று ஏற்றிக்கொண்டே போய், 2020-ல் அந்த மானியமும் முடிந்தது. பம்ப் ஸ்டவ் வைத்திருந்த வீடுகள் கேஸுக்கு வந்தன. வந்த நேரத்தில்தான் இங்கே இளைப்பு நடந்துகொண்டிருந்தது.

2012 செப்டம்பரில் வருஷத்துக்கு 6 சிலிண்டருக்குத்தான் மானியம் என்றார்கள். 2013 ஜனவரியில் 9 ஆயிற்று, 2014-ல் 12. அந்த 2014 ஜனவரியில் மானியம் இல்லாத சிலிண்டர் 1,200 ரூபாயைத் தாண்டியிருந்தது. மானியத்தில் வாங்கியவர் கொடுத்தது 400 ரூபாய் சுமார். சந்தை விலை என்ன என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வாசலில் கொடுப்பதுதான் விலை.

2015 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க பஹல் திட்டம் வந்தது. முழு விலையையும் கொடுத்து வாங்கு, மானியம் உன் பேங்க் கணக்குக்கு வரும். எங்கள் ஏஜென்சி வாசலில் அப்போது நின்ற வரிசையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆதார் நகல், பாஸ்புக் நகல், 17 இலக்க எண், படிவம் ஒன்று, படிவம் இரண்டு. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அந்த வருஷம் ஒரு புது மெஷின் வாங்கினார்.

திட்டத்தில் சேர்ந்ததும் முதல் புக்கிங்குக்கு 568 ரூபாய் முன்பணமாகக் கணக்கில் போட்டார்கள். முதல் சிலிண்டருக்குக் கையிலிருந்து கூடுதலாகப் போகக் கூடாது என்பதற்காக. யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் பேங்க் கணக்கில் விழுந்த பணம் அடுத்த சிலிண்டர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தவர் சனிக்கிழமை சம்பளத்தில் குடித்தனம் நடத்தியவராக இருக்க முடியாது. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வாரக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். அதில் மளிகைக் கடை பாக்கி, குழுக் கடன், சீட்டு எல்லாம் போக மிச்சம் இருப்பதில்தான் அடுத்த வாரம் ஓடும். மானியம் போக 400 என்பது அந்தக் கூலிக்குள் அடங்கியது. முழு விலை அடங்கவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து மீதிப் பணம் திரும்ப வரும் என்பது உண்மைதான். அதுவரைக்கும் யாரிடமாவது கைமாற்று வாங்க வேண்டுமே. அரசாங்கத்துக்கு ஏழை கடன் கொடுத்துத் திரும்ப வாங்குகிற ஏற்பாடு என்று எங்கள் டெலிவரி அண்ணன் ஒருவர் சொல்வார்.

திரும்ப வந்த பணம் எங்கே வந்தது என்பது அடுத்த கூத்து. மானியம் ஆதார் வழியாகப் போகும். ஒருவருக்கு நாலு கணக்கு இருந்தால் கடைசியாக எந்த பேங்கில் ஆதாரை இணைத்தாரோ அந்தக் கணக்கில் போய் விழும். ஒருநாள் ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். "தம்பி, மூணு தடவையா சப்சிடி ஏறலப்பா." பைக்குள் மூன்று பாஸ்புக். ஒன்று கேஸுக்காக எங்களிடம் கொடுத்தது, ஒன்று நூறு நாள் வேலைக்கு, இன்னொன்று மகளிர் குழுக் கடனுக்கு. என் கம்ப்யூட்டரில் பணம் அனுப்பியாயிற்று என்று காட்டுகிறது. குழுக் கடன் கணக்கின் பாஸ்புக்கைப் பதிந்து வரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தார். மூன்று மானியமும் அதில்தான் ஏறியிருந்தது. ஏறிய வேகத்தில் எஸ்எம்எஸ் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம், கடன் தவணை என்று இறங்கியும் இருந்தது. "அப்ப வந்துச்சு, ஆனா வரல, அப்படித்தானே?" என்றார். அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. பழைய முறையில் ஓட்டை நிறைய இருந்தது. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டர் டீக்கடையிலும் புரோட்டாக் கடையிலும் எரிவதை ஊரே பார்த்தது. இறந்துபோனவர் பெயரில் சிலிண்டர் போகும். ஒரே வீட்டில் மாமனார், மருமகன் என்று வெவ்வேறு கம்பெனி கனெக்‌ஷன் இருக்கும். பேங்க் வழியாக வந்த பிறகு இதில் பெரும்பகுதி அடங்கியது. கார் நிற்கிற வீட்டுக்கு எதற்கு மானியம் என்ற கேள்வியும் சரிதான். 2015-ல் மானியத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி விளம்பரம் வந்தபோது மனதார விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு. போனில் புக் செய்யும்போது குரல் என்ன சொல்கிறது என்று புரியாமல் பூஜ்யத்தை அழுத்தி, தெரியாமலே தியாகிகளானவர்களும் உண்டு. "நான் எப்பய்யா வேணாம்னு சொன்னேன்?" என்று வந்து நிற்பார்கள்.

இளைப்பு நடந்த விதம் சத்தமே இல்லாதது. 2016 ஜூலையிலிருந்து மானிய சிலிண்டருக்கு மாதம் 2 ரூபாய், 2017 ஜூனிலிருந்து மாதம் 4 ரூபாய் ஏற்றச் சொல்லி எண்ணெய் நிறுவனங்களுக்கு உத்தரவு. டீசலுக்கு முன்பே இதே வழியில்தான் போனார்கள்: 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 பைசா அளவில் ஏற்றி, 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டையே எடுத்தார்கள். 4 ரூபாய்க்கு யார் சண்டைக்கு வருவார்கள்? கவுன்டரில் ஒருவரும் வரவில்லை.

மானியம் நின்றது 2020 மே மாதம். உலகச் சந்தையில் விலை விழுந்து, சென்னையில் சிலிண்டர் 569.50 ரூபாய்க்கு வந்தது. மானிய விலையும் சந்தை விலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதால் கணக்கில் போட ஒன்றும் இல்லை. ஊரடங்கு நேரம். உஜ்வாலா கனெக்‌ஷன்காரர்களுக்கு, அதாவது ஏழைப் பெண்கள் பெயரில் மத்திய அரசு கொடுத்த இலவச கனெக்‌ஷன் வைத்திருந்தவர்களுக்கு, மூன்று சிலிண்டர் இலவசம் வேறு. யார் கவனிப்பார்கள்? கேஸ் வருகிற தூரத்தைப் பொறுத்துச் சில ஊர்களில் 20 ரூபாய்ச் சொச்சம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்புறம் விலை ஏற ஆரம்பித்தது. 2020 டிசம்பரில் 50, மறுபடி 50. 2021 பிப்ரவரியில் மூன்று தடவை. மார்ச் 1-ல் இன்னொரு 25. நவம்பரில் 610-ஆக இருந்தது சென்னையில் 835-க்கு வந்துவிட்டது. எங்கள் ஊர் விலை அதிலிருந்து சில ரூபாய் முன்பின் இருக்கும். விலை ஏறினால் மானியமும் ஏறும் என்றுதான் அதுவரை எல்லோரும் பழகியிருந்தார்கள். அதனால் காத்திருந்தார்கள். "சப்சிடி ஏறலையே, ஆதார்ல ஏதாவது கோளாறா?" என்று பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. திரையில் பூஜ்யம் என்று இருந்தது.

அதன்பிறகு உக்ரைன் போர். நம் நாட்டுக்குத் தேவையான எல்பிஜியில் பாதிக்கு மேல் இறக்குமதி; விலை சவூதி அரேபியாவின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ மாதாமாதம் அறிவிப்பதைப் பார்த்து நகர்கிறது. 2022 மே மாதம் சென்னையில் ஆயிரத்தைத் தாண்டியது. 2023 மார்ச்சில் 1,118.50. 2014-ல் சந்தை விலை இதைவிட அதிகமாக இருந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். அன்று அந்த விலை காகிதத்தில் இருந்தது. 2023-ல் வாசலில் எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. விலையை முழுதாக ஏற்றவில்லை, மீதிப் பாரத்தை நாங்கள் சுமந்தோம் என்று எண்ணெய் நிறுவனங்கள் சொல்லின. அதற்காக 2022 அக்டோபரில் அவற்றுக்கு மத்திய அரசு 22,000 கோடி ரூபாய் கொடுத்தது. அவர்களுக்கு எந்தக் கணக்கில் ஏறியது என்ற குழப்பம் வந்திருக்காது.

அந்த இரண்டு வருஷத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? கேஸை யாரும் விட்டுவிடவில்லை. கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் அபூர்வம். ஒரு ரீஃபில்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள நாள்கள் நீண்டன. மாதம் ஒன்று எடுத்த வீடு ஒன்றரை மாதம் இழுத்தது. ஒன்றரை மாதம் இழுத்த வீடு இரண்டரை மாதம். எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சம் இல்லை. கொல்லையில் மறுபடி மூன்று கல் அடுப்பு வந்தது. குளிக்க வெந்நீர், உலை, கால்நடைக்குக் கஞ்சி எல்லாம் அதில். காலையில் டீக்கும், ஆபீஸ் பஸ் வருவதற்குள் தூக்குவாளி நிரப்பும் அவசரத்துக்கும் மட்டும் கேஸ். இதில் மிச்சமானது பணம். செலவானது பெண்களின் நேரமும் நுரையீரலும். ஞாயிற்றுக்கிழமை விறகு வெட்டப் போனது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. புள்ளிவிவரம் எடுப்பவர்கள் இத்தனை கோடி வீடுகளில் கேஸ் இருக்கிறது என்று எழுதினால் அது சரியாகத்தான் இருக்கும். கேஸ் இருந்தது. எரியவில்லை.

டெலிவரி அண்ணன்களின் பாடும் மாறியது. வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் கூலி பில்லிலேயே அடக்கம் என்றாலும் மேலே 30, 40 வாங்குவது ஊரறிந்த வழக்கம். அதற்கு வாங்கும் வசையும் ஊரறிந்தது. விலை ஆயிரத்தைத் தாண்டியதும் வீட்டுக்காரர்கள் சில்லறையைக் கறாராகத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள். செவ்வாய், புதன் போனால் "காசு இல்ல, சனிக்கிழமை கொண்டாங்கண்ணே" என்று சிலிண்டரை வாசலிலிருந்தே திருப்பி அனுப்புவார்கள். அதனால் தீப்பெட்டி ஆபீஸ் தெருக்களுக்கு வண்டியே சனி சாயங்காலமும் ஞாயிறும்தான் என்று நாங்களாக மாற்றிக்கொண்டோம். எந்த விதியிலும் இல்லாத டைம்டேபிள். 5 கிலோ சிலிண்டர் ஒன்று உண்டு. வாரக் கூலிக்குப் பொருத்தமானது. ஆனால் அது ஏனோ எங்கள் பக்கம் பிடிக்கவே இல்லை.

2022 மே மாதம் உஜ்வாலா பயனாளிகளுக்கு மட்டும் சிலிண்டருக்கு 200 ரூபாய் என்று மானியம் திரும்பி வந்தது. 2023 அக்டோபரில் அது 300 ஆயிற்று. நல்லதுதான். ஆனால் தமிழ்நாட்டில் இதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. உஜ்வாலா 2016-ல் வந்த திட்டம். அதற்கு முன்பே, 2007-லிருந்து கருணாநிதி ஆட்சியில் இலவச கேஸ் அடுப்பும் கனெக்‌ஷனும் கொடுத்தார்கள். ஏழை வீடுகள் பலவும் அப்போதே வாங்கிவிட்டன. ஏற்கெனவே கனெக்‌ஷன் இருக்கும் வீட்டுக்கு உஜ்வாலா கிடையாது. விளைவு, ஒரே தெரு, ஒரே தீப்பெட்டி ஆபீஸ், ஒரே கூலி. 2009-ல் அடுப்பு வாங்கிய அக்காவுக்கு மானியம் பூஜ்யம், 2018-ல் வாங்கிய தங்கைக்கு 300. முதலில் வந்தவர் ஏழை இல்லை என்று ஆகிவிட்டது. மானியம் யாருக்குப் போக வேண்டும் என்று வடிகட்டியவர்கள் வருமானத்தைப் பார்க்கவில்லை, கனெக்‌ஷன் வாங்கிய வருஷத்தைப் பார்த்தார்கள். என்னிடம் கேட்டால் ரேஷன் கார்டை வைத்துப் பிரித்து, பில்லிலேயே கழித்துவிடலாம் என்பேன். கேட்க யாரும் வரவில்லை.

2023 ஆகஸ்டில் எல்லோருக்கும் விலையில் 200, 2024 மார்ச்சில் 100 என்று குறைத்தார்கள்; 2025 ஏப்ரலில் 50 ஏற்றியதில் சென்னையில் 868.50 ஆயிற்று. உஜ்வாலாவிலும் வருஷத்துக்கு 12 என்று இருந்த மானிய சிலிண்டரை 2025-26-க்கு 9 ஆக்கிவிட்டார்கள். எண்ணிக்கையில் கைவைப்பது எனக்குப் பழைய ஞாபகம்.

இப்போது கவுன்டரில் அதிகம் வருகிற கேள்வி வேறு. பழைய இலவச அடுப்புக்காரர்கள் மகனுக்குக் கல்யாணம் ஆனதும், மருமகள் பெயரில் உஜ்வாலா எடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். தனி ரேஷன் கார்டு இருந்தால் முடியும் என்கிறேன். உடனே தாலுகா ஆபீஸுக்குப் போகிறார்கள். ஒரே உலையில் சாப்பிடுகிற குடும்பம் காகிதத்தில் இரண்டாகிறது. போன வாரம் ஒரு மாமியார், "கார்டு தனியா வந்துருச்சு தம்பி, ஆனா சோறு ஒண்ணாத்தான் பொங்குறோம், அதுல ஒண்ணும் பிரச்சனை வராதே?" என்று ரகசியமாகக் கேட்டார். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.