மூன்று வால்வுகளும் ஒரு வெந்நீர்த் தொட்டியும்

அமெரிக்காவுக்கு வந்த முதல் வருடம், சில மாதங்களுக்கு ஒருமுறை வேலை இடம் மாறிக்கொண்டே இருந்ததால், பழைய ஆர்வி (படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறினோம். முதல் நாள் மாலையே கீசரைத் தேடினேன். குளியலறைச் சுவரில் இல்லை, சிங்குக்குக் கீழேயும் இல்லை. கடைசியில் வண்டிக்கு வெளியே, ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதலான தகரக் கதவுக்குப் பின்னால் இருந்தது. தொட்டி உள்ளே கட்டிலுக்கு அடியில். பர்னர் மட்டும் வெளியே பார்த்தபடி.

தொட்டி 6 கேலன், அதாவது 23 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதைச் சூடாக்க இரண்டு வழிகள்: ஒன்று ப்ரொபேன் கேஸ், இன்னொன்று 120 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் எலிமெண்ட். கேஸில் ஓட்டினால் கரண்டே வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உள்ளே ஸ்விட்சைப் போட்டதும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன போர்டுதான் எல்லாவற்றையும் நடத்துகிறது. அது கேஸ் வால்வைத் திறக்கும், டிக் டிக் டிக் என்று பொறி தட்டும், சில நொடிகளில் தீ பிடித்ததா என்று பார்க்கும். பிடிக்கவில்லையென்றால் கேஸை மூடிவிட்டுத் திரும்ப முயலும். எங்களுடையதில் மூன்று முறை. அப்புறமும் இல்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும். பேட்டரி இறங்கிவிட்டால் கேஸ் சிலிண்டர் நிறைய இருந்தும் பயனில்லை.

எங்களுக்கு வந்த சிக்கல் இது எதுவுமில்லை. பொறி தட்டியது, தீ பிடித்தது, நீலமாகவே எரிந்தது. ஆனால் குழாயில் வந்தது வெதுவெதுப்பான தண்ணீர்தான். மூன்று நாள் இப்படியே போயிற்று. "என்னங்க, இதுல குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுறது?" என்று மனைவி கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. வெளியே பனி உருகிக்கொண்டிருந்த மாதம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று முடிவு செய்து, புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பினேன்.

பக்கத்து இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்த பெரியவர் ஒருவர் தடுத்தார். பல வருடங்களாக ஆர்வியிலேயே வாழ்பவர். கேட்டது ஒரே கேள்வி: வெளிக்கதவைத் திறந்தால் முகத்தில் சூடு அடிக்கிறதா? அடிக்கிறது என்றேன். "அப்படியானால் ஹீட்டர் மேல் தப்பில்லை. தண்ணீர் போகிற வழியைப் பாருங்கள்" என்றார்.

கட்டிலைத் தூக்கி, நான்கு திருகுகளைக் கழற்றிப் பலகையை எடுத்தோம். தொட்டியின் முதுகில் இரண்டு குழாய்கள்: கீழே குளிர்நீர் உள்ளே போவது, மேலே வெந்நீர் வெளியே வருவது. இரண்டையும் இணைத்து நடுவில் ஒரு குறுக்குக் குழாய். மூன்றிலும் ஒவ்வொரு வால்வு. குளிர்காலத்தில் வண்டியை மூடி வைக்கும்போது தொட்டியைத் தவிர்த்துவிட்டு மற்ற குழாய்களில் மட்டும் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஓட்டுவதற்காக வைத்த ஏற்பாடு, பைபாஸ். பிடி குழாயோடு சேர்ந்து படுத்திருந்தால் வால்வு திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. எங்களுடையதில் மூன்று பிடிகளுமே படுத்திருந்தன. முந்தைய உரிமையாளர் தொட்டியின் இரண்டு வால்வுகளையும் திறந்துவிட்டு நடு வால்வை மூட மறந்திருக்கிறார். தொட்டியிலிருந்து வந்த வெந்நீரில், அந்தக் குறுக்குக் குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் கலந்துகொண்டே இருந்திருக்கிறது. பெரியவர் அதைக் கால் சுற்று திருப்பினார். அரை நிமிடத்தில் சிங்க் குழாயில் ஆவி பறந்தது. மனைவி ஓடிப்போய்த் துண்டை எடுத்தார்.

வண்டியின் வெளிப்புற ஷவரில் வெந்நீர், குளிர்நீர்க் குழாய்கள் இரண்டையும் திறந்து வைத்துவிட்டு, கைப்பிடியில் மட்டும் மூடினாலும் இதே மாதிரி கலக்கும் என்று பெரியவர் சொன்னார். வெந்நீர் வெதுவெதுப்பாக வந்தால் நான் இப்போது முதலில் பார்ப்பது இந்த இரண்டு இடங்களைத்தான்.

அப்புறம் மேல்பக்கம் இருக்கும் பாதுகாப்பு வால்வு சொட்டியது. இதற்கும் பயந்தேன். தண்ணீர் சூடாகும்போது விரியும். நிரம்பிய தொட்டியில் விரிய இடமில்லாததால் அழுத்தம் ஏறிச் சொட்டுகிறது. தொட்டியின் மேற்பகுதியில் கொஞ்சம் காற்று இருந்தால் அது அமுங்கி இடம் கொடுக்கும். நாளடைவில் அந்தக் காற்று தண்ணீரில் கரைந்துபோகிறது. ஹீட்டரை அணைத்து, தண்ணீர் நன்றாக ஆறிய பிறகு, பம்பையும் வெளித் தண்ணீரையும் நிறுத்தி, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து விட்டு, அந்த வால்வின் பிடியைத் தூக்கி ஒழுகுவது நிற்கும்வரை விட்டால் காற்று திரும்ப வந்துவிடும். சொட்டுகிறதே என்று அந்த வால்வை ஒருபோதும் அடைக்கக் கூடாது. 150 பிஎஸ்ஐ அழுத்தத்திலோ 210 டிகிரி ஃபாரன்ஹீட்டிலோ திறந்து, தொட்டி வெடிக்காமல் காப்பது அதுதான்.

மின்சார எலிமெண்டை நான் கேஸைவிட அதிகம் பயன்படுத்துகிறேன். வண்டி நிறுத்தும் முகாமில் மின்சாரம் இருக்கும்போது கேஸை ஏன் செலவழிக்க வேண்டும்? 1,440 வாட் என்பதால் மெதுவாகத்தான் சூடேறும், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். கேஸில் அதில் பாதி. அவசரமென்றால் இரண்டையும் சேர்த்தே போடலாம். ஆனால் எலிமெண்ட் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். இரண்டாவது வசந்தத்தில் தொட்டியை நிரப்பாமலே நான் ஸ்விட்சைப் போட்டுவிட்டேன். சில நிமிடங்கள்தான். கழற்றிப் பார்த்தபோது எலிமெண்டின் உறை நீளமாக வெடித்துக் கிடந்தது.

அதே நாளில் ஆனோட் ராடையும் கழற்றினேன். எங்கள் தொட்டி இரும்பு, உள்ளே பீங்கான் பூச்சு. துருவைத் தான் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கம்பியை வைத்திருக்கிறார்கள். புதிதில் கட்டைவிரல் பருமன் இருப்பது, நடுக் கம்பியும் அதைச் சுற்றி வெள்ளைப் பொருக்குமாக வெளியே வந்தது. அலுமினியத் தொட்டிகளுக்கு இது தேவையில்லை, அவற்றில் பிளாஸ்டிக் அடைப்பான்தான் இருக்கும்.

அக்டோபர் கடைசியில் தொட்டியை வடித்து, நடு வால்வைத் திறந்து, மற்ற இரண்டையும் மூடுகிறேன். எலிமெண்ட் ஸ்விட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுகிறேன். அதில் மகள் கையெழுத்தில் "தண்ணீர் இல்லை" என்று இருக்கும்.