குட்டிப் போட்டிக் காருக்கு ஒரு மோட்டார் டிரைவர் போர்டு

கோட்டைப் பிடித்து ஓடும் சின்ன எலெக்ட்ரிக் போட்டிக் காருக்கு, மோட்டாருக்கு மின்னோட்டத்தைத் தந்து கட்டுப்படுத்தும் டிரைவர் போர்டை நானே வடிவமைக்க இறங்கியது ஒரு சின்னக் கணக்கால்தான். மீட்டர் வயரின் தடையைக் கழித்தபின் மோட்டாரின் தடை 0.4 ஓம் வந்தது. இரண்டு செல் லிப்போ பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட். அப்படியென்றால், சக்கரம் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் 21 ஆம்பியர் வரை இழுக்கும். பலரும் முதலில் கையில் எடுக்கும் எல்298 என்ற மோட்டார் டிரைவர் சிப் ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். அந்த 2 ஆம்பியருக்கே சில வோல்ட்டை அது விழுங்கிவிடும்.

அதனால் நான்கு என்-சேனல் மோஸ்ஃபெட் (மின்னோட்டத்தை விட்டு நிறுத்தும் ஸ்விட்சுகள்) வைத்த எச்-பிரிட்ஜ், அதாவது மோட்டாரை இரு திசையிலும் சுழற்றும் சுற்று, அதில் பக்கத்துக்கு ஒரு ஐஆர்2104 கேட் டிரைவர் (மோஸ்ஃபெட்டின் கேட் என்ற முனை வழியே அதை ஆன்-ஆஃப் செய்யும் சிப்) என்று முடிவு செய்தேன். இந்தச் சிப்புக்கு 10 முதல் 20 வோல்ட் சப்ளை வேண்டும், பேட்டரியோ 8.4-ஐத் தாண்டாது. அதற்காகவே வோல்டேஜை ஏற்றி 12 வோல்ட் தரும் சின்ன பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒன்றைப் போர்டில் சேர்த்தேன்.

அதிக நேரம் பிடித்தது மோஸ்ஃபெட் தேர்வு. ஆன் தடை (ஆன் ஆகியிருக்கும்போது உள்ள தடை) எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் தடை குறையக் குறைய கேட் சார்ஜ் (ஆன் செய்ய கேட்டில் நிரப்ப வேண்டிய மின்னூட்டம்) பொதுவாக ஏறும், மோஸ்ஃபெட் மெதுவாக அணையும். ஐஆர்2104 மேல், கீழ் மோஸ்ஃபெட்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளி சுமார் 520 நானோசெகண்ட். அதற்குள் ஒன்று முழுதாக அணையாவிட்டால் இரண்டும் சேர்ந்து பேட்டரியை ஷார்ட் செய்துவிடும். ஆகவே ஆன் தடை 4 மில்லிஓம், கேட் சார்ஜ் 40 நானோகூலம் அளவில் ஒன்றை எடுத்தேன். ஒரு நேரத்தில் மின்னோட்டம் இரண்டு மோஸ்ஃபெட் வழியாகப் போவதால், 21 ஆம்பியரில் சுமார் 3.5 வாட் சூடு. கிளம்பும் கணத்துக்கு மட்டும்தான் அது. ஓட்டத்தில் 5 ஆம்பியர் என்றால் 0.2 வாட், ஹீட்சிங்க் தேவையே இல்லை.

லேஅவுட்டில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு: பெரிய கெபாசிட்டர், மேல் மோஸ்ஃபெட், கீழ் மோஸ்ஃபெட் மூன்றும் ஒட்டி உட்கார வேண்டும். அந்த வளையம் நீண்டால் ஒவ்வொரு ஸ்விட்சிங்கிலும் வோல்டேஜ் துள்ளும். செம்பு 35 மைக்ரான்தான் என்பதால் மின்னோட்டப் பாதையை டிரேஸாக இழுக்காமல் அகலமான பரப்பாகவே விட்டேன். மைக்ரோகன்ட்ரோலர் எழுந்திருக்கும்வரை மோட்டார் அசையாமலிருக்க ஐஆர்2104-ஐ அணைத்துவைக்கும் எஸ்டி பின்னில், அதைத் தாழ்நிலையிலேயே பிடித்துவைக்க ஒரு புல்-டவுன் ரெசிஸ்டர். அவ்வளவுதான், மற்றதெல்லாம் வழக்கமான வேலை.

மோட்டார் இல்லாமல், கரண்ட் லிமிட் வைத்த சப்ளையில் முதல் சோதனை. ஆசிலோஸ்கோப்பில் ஒரு கேட் இறங்கி, அரை மைக்ரோசெகண்ட் சும்மா இருந்து, அடுத்தது ஏறியது. அந்த இடைவெளியை எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை. அப்புறம் மோட்டாரை இணைத்து, மோஸ்ஃபெட்டுகளை 20 கிலோஹெர்ட்ஸில் ஆன்-ஆஃப் செய்து ஓட்டினேன். காதுக்குச் சத்தமே இல்லை. மேல் மோஸ்ஃபெட்டின் கேட்டுக்கு வோல்டேஜ் தரும் பூட்ஸ்டிராப் கெபாசிட்டர் மறுபடி சார்ஜ் ஆக வேண்டுமே, அதனால் டியூட்டியை (ஒவ்வொரு சுற்றிலும் ஆன் ஆகியிருக்கும் பங்கை) 95 சதவீதத்தோடு நிறுத்திவிட்டேன். பிரேக் சோதனையை மட்டும் பேட்டரியில்தான் செய்தேன்: மோட்டார் திருப்பி அனுப்பும் மின்னோட்டத்தைச் சாதாரண பெஞ்ச் சப்ளை வாங்கிக்கொள்ளாது, வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும்.

அடுத்த போர்டில் கீழ்ப்பக்கம் 1 மில்லிஓம் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க வைக்கும் மிகச் சின்னத் தடை) ஒன்று வருகிறது. மின்னோட்டத்தை அளந்தே டார்க்கை, அதாவது மோட்டாரின் சுழற்றும் விசையை, கட்டுப்படுத்தலாம்.