இரவல் கதையும் எங்கள் ஏறுமேடையும்

எமிரேட்ஸில் ஓர் உள்ளரங்கக் கேளிக்கைப் பூங்காவில் சவாரி ஆபரேட்டராகச் சேர்ந்தவன் நான். இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் ஓய்வறையில் ஓயாமல் நடக்கும் விவாதம் ஒன்று உண்டு. வேறு யாரோ எங்கோ உருவாக்கிய சினிமாக் கதையை, காமிக்ஸ் கதையை வாங்கிவந்து சவாரி கட்டுவது சரியா, அல்லது பூங்கா தனக்கென்று ஒரு கதையை யோசித்துக் கட்ட வேண்டுமா? மார்க்கெட்டிங் பிரிவில் இருக்கும் நண்பர்கள், ஊரறிந்த பெயர் இருந்தால்தான் டிக்கெட் விற்கும் என்கிறார்கள். அதை மறுக்க முடியாது. வடிவமைப்புப் படித்துவிட்டு வந்த இளைஞர்கள், இரவல் கதையை நம்பியிருப்பது கற்பனை வறட்சி என்கிறார்கள். அதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. கதை எங்கே பிறந்தது என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வாங்கி வந்தவர்களுக்கு அதைத் தங்கள் வாயால் திருப்பிச் சொல்லும் உரிமை கிடைத்திருக்கிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

இப்படி நினைக்க வைத்தது முன்காட்சி அறை. ஏறுமேடையில் நிற்பவருக்கு யோசிக்க நேரம் இருக்காது. வந்தவர்களை வரிசை எண்ணில் நிறுத்த வேண்டும். லேப் பார் என்று நாங்கள் சொல்லும் மடிக்கம்பியை ஒருமுறை அழுத்தி, ஒருமுறை மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். கன்ட்ரோல் பூத்தை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்துவதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும். முன்காட்சி அறை அப்படியல்ல. கதவைச் சாத்தி, விளக்கு மங்கியதும், திரையில் ஒரு கதாபாத்திரம் தோன்றி வேகமான ஆங்கிலத்தில் நடந்ததையும் நடக்கப்போவதையும் சொல்லும். கீழே அரபு எழுத்துகள் ஓடும். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மக்களின் முகங்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

அந்த அறையில் எமிராத்தியர், மலையாளிகள், பாகிஸ்தானியர், பிலிப்பினோக்கள், ரஷ்யர்கள் என்று எல்லோரும் நெருக்கியடித்து நிற்பார்கள். கதை தெரிந்த பிள்ளைகள் ஆரவாரம் செய்வார்கள். மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். ஒருநாள் ஷார்ஜாவிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்த திருநெல்வேலி ஆச்சி ஒருவர், என் பெயர் அட்டையைப் பேரனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தம்பி, இதில் நல்லவன் யார், கெட்டவன் யார்? அதை மட்டும் சொல்லிவிடப்பா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பேரன், "சிவப்பு உடை போட்டவன்தான் கெட்டவன் ஆச்சி" என்றான். சவாரி முடிந்து மறுபக்கம் இறங்கியவர் தேடி வந்து, "சிவப்பு உடைக்காரனைக் காணவே இல்லையே" என்றார். அவன் வந்திருந்தான். இருட்டில், அரை நொடி, பக்கவாட்டில். படம் பார்த்தவர்களுக்கு அந்த அரை நொடி போதும்.

அந்த ஆச்சி கேட்டது மிக நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் இரண்டு வாக்கியங்களை முன்காட்சி அறையில் நிற்பவரே அரபியிலோ இந்தியிலோ பிலிப்பினோக்களின் மொழியான தகாலோகிலோ சொல்லலாமே என்று நாங்கள் கேட்டோம். சொல்லக் கூடாது. அந்தச் சவாரியில் ஊழியர் பேச வேண்டிய வரிகள் கதையின் உரிமையாளர் ஒப்புதல் கொடுத்த தாளில் இருக்கின்றன. அதற்கு மேல் ஒரு சொல் பேசுவதற்கும் அனுமதி வேண்டும். சுவரின் நிறம், கதாபாத்திரத்தின் குரல், கடையில் விற்கும் குவளையின் வடிவம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். எங்கள் கோரிக்கை மேலே போனது, மாதக்கணக்கில் காத்திருந்தோம், மறுப்பு வந்தது. தாங்கள் வளர்த்த கதாபாத்திரத்தை யாரும் கெடுத்துவிடக் கூடாது என்று அவர்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும், கதை வாசல்வரை வந்துவிட்டு, வாசலில் நிற்பவரிடம் பேசாமல் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கதையைப் பயன்படுத்த உரிமையாளர் கொடுக்கும் இந்த உரிமம் எவ்வளவு இறுகக் கட்டும் என்பதற்கு இத்துறையில் எல்லோரும் சொல்லும் உதாரணம் ஒன்று இருக்கிறது. மார்வெல் என்ற காமிக்ஸ் நிறுவனத்தின் கதாபாத்திரங்களைப் பூங்காவில் பயன்படுத்த, படமும் பூங்காவும் நடத்தும் யுனிவர்சல் தரப்பு 1994இல் ஒப்பந்தம் போட்டது. 1999இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் அந்தப் பகுதி திறக்கப்பட்டது. 2009இல் மார்வெல் நிறுவனத்தையே டிஸ்னி வாங்கிவிட்டது. ஆனாலும் ஸ்பைடர்மேன் இன்றும் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்காவில்தான் இருக்கிறார். கதைக்குச் சொந்தக்காரர் ஒருவர், சவாரிக்குச் சொந்தக்காரர் அவருடைய போட்டியாளர்!

இரவலே கூடாது என்பவர்கள் இத்தொழிலின் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள். 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே ஸ்னோ ஒயிட், பீட்டர் பான் சவாரிகள் இருந்தன. ஒன்று கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானியக் கதை, மற்றொன்று ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் எழுதிய நாடகம். அந்த ஸ்னோ ஒயிட் சவாரியில் முதலில் ஸ்னோ ஒயிட்டே கிடையாது. வண்டியில் உட்கார்ந்திருப்பவரே ஸ்னோ ஒயிட், சூனியக்காரி துரத்துவது உங்களைத்தான் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். அருமையான எண்ணம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் இறங்கியவர்கள், ஸ்னோ ஒயிட் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1983இல் சவாரியைப் புதுப்பித்தபோது அவளையும் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் ஆச்சியின் கேள்விக்கு அங்கே பதில் கிடைக்க இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. கிடைத்ததற்குக் காரணம், அந்தச் சவாரியை மாற்ற யாரிடமும் கையேந்த வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை.

எனக்கு மிகப் பிடித்த சான்று டோக்கியோவில் இருக்கிறது. 2001இல் திறந்த டிஸ்னிசீ பூங்காவில் சிந்துபாத்தின் கடற்பயணங்களுக்கு ஒரு படகுச் சவாரி கட்டினார்கள். ஆயிரத்தொரு இரவுகள் யாருடைய சொத்தும் அல்ல. யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. 2007இல் அதை முழுக்கத் திருத்தி அமைத்தார்கள். டிஸ்னி படங்களின் இசையமைப்பாளர் ஆலன் மென்கன் இசையமைத்த புதிய பாட்டு வந்தது. சிந்துபாத்துக்குத் துணையாகச் சந்து என்ற புலிக்குட்டி வந்தது. மூலக்கதையில் அப்படியொரு புலிக்குட்டி இல்லை. இன்று அந்தப் புலிக்குட்டியின் பொம்மையை வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். பாக்தாத்துக் கதை ஜப்பானியக் குழந்தைகளின் கதையாகிவிட்டது. தமிழர்களுக்கு இதில் வியப்பே இருக்கக் கூடாது. 1960இல் தினத்தந்தியில் கன்னித்தீவு தொடங்கியதிலிருந்து சிந்துபாத்தும் லைலாவும் நம் டீக்கடைகளில்தானே வளர்ந்தார்கள்? எத்தனை பேர் சிந்துபாத்தை அந்நியராக நினைத்தோம்?

அதே பூங்காவில் 2006இல் வந்த 'டவர் ஆஃப் டெரர்' இன்னும் துணிச்சலான வேலை. அமெரிக்காவில் அந்தச் சவாரி ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரை வைத்துக் கட்டப்பட்டது. டோக்கியோவில் அந்தத் தொடரையே விட்டுவிட்டார்கள். லிஃப்ட் கீழே விழும் அந்த உயரம் மட்டும் போதும் என்று, உலகெங்கிலுமிருந்து பொருள்களைக் கவர்ந்து வந்து குவித்த ஹைட்டவர் என்ற பணக்காரர், அவர் கொண்டுவந்த சபிக்கப்பட்ட ஒரு சிலை, 1899ஆம் ஆண்டின் கடைசி இரவில் அவர் மாயமாகிப்போனது என்று புதுக்கதை எழுதினார்கள். எந்த நாட்டிலிருந்து வந்து வரிசையில் நிற்பவருக்கும், பேராசைக்காரன் ஒருவன் சாமி சிலையைத் திருடினான் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும்.

இதற்கு மறுப்பாக ஹாரி பாட்டரைச் சொல்வார்கள். 2010இல் ஆர்லாண்டோவில் திறந்த அந்தப் பகுதியில் புத்தகத்தையும் படத்தையும் இம்மி பிசகாமல் பின்பற்றினார்கள், கூட்டம் அள்ளியதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே முதலில் கட்டியது ஓர் ஊரை. பனி மூடிய கூரைகள், கடைத்தெரு, கதையில் வரும் பட்டர்பியர் என்ற பானத்தை விற்கும் வண்டி, வரிசையே கோட்டைக்குள் வளைந்து வளைந்து போவது. ஒரு பக்கம்கூடப் படிக்காதவர் அந்தத் தெருவில் நடந்தாலே வந்த காசுக்கு நிறைவோடு திரும்பலாம். கதையை முழுதாகச் சொல்ல நான்கு நிமிடச் சவாரியால் முடியாது. கதை நடக்கும் இடத்தைக் கொடுக்க முடியும். அதை உணர்ந்து கட்டியவர்களுக்கு உரிமத்தின் இறுக்கம் அவ்வளவாக இடைஞ்சல் செய்யவில்லை.

சொந்தக் கதை ஊழியர்களுக்கு என்ன தருகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. எங்கள் பூங்காவிலேயே எந்த உரிமமும் இல்லாத ஒரு பேய்வீடு உண்டு. பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து வந்த சகஊழியர் ஒருவர் அதன் வாசலில் நிற்கும்போது, ஒவ்வொரு குழுவையும் விரலால் நிதானமாக எண்ணுவார். எண்ணி முடித்ததும் தாழ்ந்த குரலில், "திரும்பி வரும்போதும் எண்ணுவேன்" என்பார். அரபியில், இந்தியில், உருதுவில், கடைசியில் என்னிடம் கேட்டுக்கொண்டு தமிழிலும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவராகவே செய்தார். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அந்த வரி பயிற்சிக் கையேட்டில் இருக்கிறது, புதியவர்களுக்கு நான்தான் கற்றுக்கொடுக்கிறேன். டிஸ்னிலேண்டில் 1969 முதல் நடக்கும் பேய் மாளிகையிலும் ஊழியர்கள் வீட்டு வேலையாட்களாகவே நடந்துகொள்வார்கள், சிரிக்கவே மாட்டார்கள். வாசலில் நிற்பவரும் கதைக்குள் இருக்கிறார். உரிமம் பெற்ற சவாரியில் அவர் வெறும் கதவு திறப்பவர்.

2025 மே மாதத்தில் அபுதாபியின் யாஸ் தீவில் டிஸ்னி பூங்கா வரப்போவதாக அறிவித்தார்கள். இந்த மண்ணின் சாயலும் அதில் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்கைக் கட்டட வளைவுகளோடும் பேரீச்ச மரங்களோடும் முடித்துவிடக் கூடாது என்று மனதார விரும்புகிறேன். எங்களோடு வேலை செய்யும் எமிராத்திய இளைஞர்கள் இரவு ஷிஃப்டில் உம்மு துவைஸ் கதை சொல்வார்கள். நறுமணம் பூசிய அழகி, தனியே வரும் ஆண்களைக் கவர்ந்திழுத்து அரிவாளால் முடித்துவிடும் ஜின். நம்மூர் மோகினிக்குத் தங்கை. அதைக் கேட்டுவிட்டு ஆள் நடமாட்டமில்லாத பராமரிப்புப் பாதையில் தனியாக நடக்கப் பயப்படாதவர் எங்களில் யாருமில்லை. அமெரிக்கக் கதைகள் தாராளமாக வரட்டும். வரும்போதே, இங்கே நிற்பவர்கள் அவற்றைத் தங்கள் மொழியில் சொல்லலாம், கூட்டலாம், குறைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவையும் எழுதிக்கொண்டு வரட்டும். உம்மு துவைஸுக்கும் ஓர் இருட்டறை ஒதுக்கட்டும். அதன் வாசலில் நிற்க என் பெயரை முதலில் கொடுப்பேன்.