எம், கே, அரைப்புள்ளி, கே, எச்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டப் போகிற நேரம் தர்மபுரத்தில் இருந்து ஓர் அண்ணை வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு, சேர்ட் பொக்கற்றில் இருந்து பொலித்தீன் பையில் சுற்றிய போனை எடுத்து நீட்டினார்.

"பிள்ளை, கனடாவில இருந்து மருமகன் அனுப்பினவன். அம்மாவின்ர கல்வெட்டாம். பேரன் திறந்து பாத்திட்டு, இது வைரஸ் தாத்தா, அழியுங்கோ எண்டு சொல்லிப்போட்டான். எனக்கு மனம் வரேல்லை. நீ ஒருக்காப் பார்."

வாங்கிப் பார்த்தேன். திரை நிறைய ஆங்கில எழுத்து. ஒரு சொல்லாவது பொருள் தராது. இடைக்கிடை அரைப்புள்ளி. பேரனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நடுவில் தனியாக நின்ற ஒரு வரியின் தொடக்கத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடந்தது. யோசிக்க முன்னமே வாய் வாசித்துவிட்டது.

"அம்மா."

அண்ணை கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "என்னண்டு பிள்ளை தெரியும்?"

தெரியாமல் எப்படி? 2003 இல் இருந்து ஆறு வருடம் என் விரல் அந்த எழுத்துகளில்தான் தமிழ் பேசியது. அது பாமினி. இலங்கையில் அந்தக் காலத்தில் தமிழ் தட்டச்சு என்றால் அநேகமாகப் பாமினிதான். கொம்பியூட்டரைப் பொறுத்தவரை நாங்கள் அடித்தது ஆங்கிலம். எம் என்ற விசையை அழுத்தினால் அது 109 என்ற எண்ணைத்தான் தனக்குள் எழுதிக்கொள்ளும். பாமினி என்ற எழுத்துரு அந்த 109 க்கு எம் வடிவத்தைக் காட்டாமல் அ வடிவத்தைக் கீறிக் காட்டும், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத மெசினில் திறந்தால் கீறுவதற்கு ஆள் இல்லை. உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கிற முறை யூனிகோட். அதில் அ வுக்கென்று 2949 என்ற சொந்த எண் இருக்கிறது. 1991 இலேயே தமிழுக்கு அதில் இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் கைக்குக் கிடைத்தது விண்டோஸ் 98. அதற்கு அந்தத் தமிழ் தெரியாது.

வெளியில் இருக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். கல்வெட்டு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது கல்லில் வெட்டுவதை அல்ல. ஒருவர் செத்து 31 ஆம் நாள் அந்தியேட்டி முடிய, வந்த சனத்துக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். முன்னுக்குப் படம், பிறகு செத்த திதியைச் சொல்கிற திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, தேவாரம், கடைசியில் வம்சாவளி. ஒரு குடும்பத்தின் பெயரெல்லாம் ஒன்றாக அச்சில் ஏறுவது அநேகமாக அதில் மட்டும்தான்.

நான் கிளிநொச்சிப் பக்கத்து முரசுமோட்டைக்காரி. சின்ன வயதில் போர், பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை, மண்ணெண்ணெய் நெருப்பு விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரியை நூல் போல இறக்கிவைத்த விளக்கில்தான் படித்தோம். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, அண்ணா மிதிக்க, டைனமோவில் றேடியோ பாடும். மிதிக்கிறவர் களைத்தால் வாசிக்கிறவரின் குரலும் களைக்கும். 1996 இல் கிளிநொச்சிப் பக்கம் இருந்த எல்லாரையும் போல நாங்களும் எழும்பி ஸ்கந்தபுரம் போனோம். கொட்டில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் புத்தகத்தில் கொம்பியூட்டர் படம் பார்த்தேன். ரீவிக்கு முன்னால் தட்டச்சு மெசின் வைத்த மாதிரி இருந்தது.

2002 இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி திறந்தது. கொழும்புச் சாமான் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறக்கி ஏற்றி, சோதனை முடிந்து வர வர, கிளிநொச்சிக் கடைகளின் முகமே மாறியது. அப்படி வந்த பென்ரியம் 3 மெசின்கள் நான்கை வைத்து ஒரு சேர் வகுப்புத் தொடங்கினார். கிடுகுக் கூரை, சீமெந்து நிலம். உயர்தரம் எழுதிவிட்டு இருந்த என்னை அப்பா கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். முரசுமோட்டையில் இருந்து பரந்தன் சந்தியால் திரும்பிச் சைக்கிளில் போவேன். போய்ச் சேர முன்னம் கால் செம்மண்ணாகிவிடும். வாசலில் வாளித் தண்ணீர் இருக்கும், கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மெசினுக்குத் தூசி ஆகாது. சேரின் அம்மா பழைய சீலைகளில் உறை தைத்து மொனிற்றருக்குப் போட்டிருந்தா. முதல் நாள் அந்த உறையைக் கழற்றும்போது சாமிக்குத் திரை விலக்குகிறது போலத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கரன்ற் இல்லை. பின்பக்கம் பலா மரத்தடியில் ஒரு ஜெனரேற்றர். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னேரம் 4 மணியில் இருந்து 6 மணி வரைதான் ஓடும். நான்கு மெசினுக்குப் பதினைந்து பிள்ளைகள். அதனால் சேர் ஒரு வேலை செய்தார். பிறிஸ்ரல் போர்ட்டை வெட்டி, கீபோர்ட்டை அதே அளவில் கீறி, ஒவ்வொரு விசையிலும் ஆங்கில எழுத்தைக் கறுப்பிலும் பாமினி எழுத்தைச் சிவப்பிலும் எழுதி, ஆளுக்கு ஒன்று தந்தார். வீட்டில் வைத்து அடிக்க வேண்டும். நான் அடுப்படியில் அதை மடியில் வைத்துக்கொண்டு அடித்தேன். சத்தமும் இல்லை, திரையும் இல்லை. பிழையாக அடித்தாலும் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால் ஒவ்வொரு எழுத்தையும் வாயால் சொல்லிச் சொல்லி அடித்தேன். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி: தமிழ். கே, ஐ, ஓ: மழை. ழை என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகுதான் ழ. கையால் எழுதும்போது கொம்பைத்தானே முதலில் போடுகிறோம், பாமினியிலும் அப்படித்தான். யூனிகோடில் ழ வந்த பிறகுதான் கொம்பு. இன்றைக்கும் என் விரல் கொம்புக்குத்தான் முதலில் போகிறது.

மட்டையில் பழகின எழுத்துத்தான் இத்தனை வருடத்துக்குப் பிறகும் கண்ணில் பட்டதும் வாயில் வருகிறது என்று நம்புகிறேன். மெசினில் மட்டும் பழகியிருந்தால் விரலுக்குத் தெரிந்திருக்கும், வாய்க்குத் தெரிந்திருக்காது.

ஜெனரேற்றரின் சத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. எண்ணெய் முடியப் போகிறபோது அது சீராக ஓடாது. ஒரு தரம் விக்கும், பிறகு உயர்ந்து ஓடும், திரும்ப விக்கும். இரண்டாவது விக்கலுக்கு முன்னம் சேவ் பண்ணியாக வேண்டும். யூபிஎஸ் ஒன்றே ஒன்று, அது சேரின் மெசினுக்கு. முதல் விக்கல் கேட்டதும் வகுப்பில் எல்லாருடைய இடது கையும் ஒன்றாகக் கீழ் மூலைக்குப் போகும். கொன்றோல் எஸ். பேச்சு நிற்கும், நான்கு கீபோர்ட்டில் ஒரே சத்தம், பிறகு இருட்டு. என் கடைக்கு முன்னால் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று கியர் குறைத்து விக்கினால் இப்போதும் என் கை கொன்றோல் எஸ் அடிக்கிறது. வேலைக்கு நிற்கிற பிள்ளை ஏன் அக்கா என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு 22 வயது. மின்சாரம் நின்று எழுதினது போவது என்றால் என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை. எழுதுவதெல்லாம் தானாகவே சேமிக்கப்படுகிற காலத்தில் வளர்ந்த பிள்ளை.

படித்து முடிய அங்கேயே தட்டச்சு வேலை தந்தார் சேர். கலியாணக் காட், பாடசாலை வினாத்தாள், கல்வெட்டு. கல்வெட்டுத்தான் கூட. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். ஃபைலைப் புளொப்பியில் போட்டு, வவுனியாவுக்குப் போகிற ஆரிடமாவது கொடுத்துவிடுவோம். அங்கே நெற் கபேயில் இருந்து மெயில் போகும். புளொப்பி ஒன்றில் 1.44 எம்பி. இன்றைக்குப் போனில் எடுக்கிற 4 எம்பிப் படம் ஒன்றை வைக்க மூன்று புளொப்பி வேண்டும். ஆனால் எழுத்துக்கு அது தாராளம். முப்பது கல்வெட்டின் எழுத்தை ஒன்றில் வைத்திருக்கிறேன். வெயிலில் சைக்கிளில் கொண்டுபோனால் பழுதாகும் என்று சாப்பாட்டுப் பெட்டிக்குள், வாழையிலையில் சுற்றிக்கூடக் கொடுத்துவிட்டிருக்கிறேன். மெயிலோடு பாமினி எழுத்துருவையும் சேர்த்து அனுப்புவோம். அங்கே இருக்கிறவர் அதைப் போட்டால்தான் தாயின் பெயரை வாசிக்கலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. முல்லைத்தீவுக் கரையைக் கடல் எடுத்தது. அடுத்த நாளில் இருந்து எங்களுக்குப் பெயர்ப் பட்டியல் வரத் தொடங்கியது. கொப்பித் தாளில், சிகரெட் பெட்டி மட்டையில், ஈரம் காய்ந்து சுருங்கின தாளில், கையால் எழுதினது. பெயர், வயது, கிராமம். ஜெனரேற்றர் அந்தக் கிழமை இரவும் ஓடியது. ஒரே வீட்டில் ஏழு பெயர் இருந்த தாள் ஒன்று எனக்கு வந்தது. எழுதினவருடைய கை நடுங்கியிருந்தது, நான்காவது பெயர் விளங்கவில்லை. பிழையாக அடித்தால் அந்தப் பிள்ளை வேறு ஆளாகிவிடும் என்று அடிக்காமல் இருந்தேன். தாளைக் கொண்டுவந்தவரைத் தேடிப்பிடித்துக் கேட்டு, மூன்றாம் நாள்தான் அந்த இடத்தை நிரப்பினேன். அந்தப் பெயர் இன்றும் நினைவிருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன்.

2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற முகமாலைப் பாதையைப் பூட்டினார்கள். எண்ணெய் குறைந்தது, 2 மணித்தியாலம் ஒன்றாகியது. 2008 இல் வகுப்பு நின்றது. மெசின்களைச் சேர் என்ன செய்தார் என்று தெரியாது. நான் பிஸ்கட் ரின் ஒன்றில் பத்துப் புளொப்பியை வைத்து, வாயைப் பிளாஸ்ரரால் ஒட்டி எடுத்துக்கொண்டேன். தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று இடம்பெயர்ந்துகொண்டே போனோம். இரணைப்பாலையில் பங்கருக்குள் வைத்த ரின்னை எடுக்க நேரம் இருக்கவில்லை. அம்மாவைத் தூக்குவதா ரின்னைத் தூக்குவதா என்றால் கேள்வியே இல்லை. 2010 இல் மீளக்குடியேறி வந்தபோது முரசுமோட்டை வீட்டில் சுவர் மட்டும் நின்றது. யாருடைய வீட்டிலும் கல்வெட்டு இல்லை, அல்பம் இல்லை, கலியாணக் காட் இல்லை. ஒரு சனத்தின் காகிதம் முழுக்கப் போய்விட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் அனுப்பினது போகவில்லை. லண்டனில், ரொறொன்ரோவில், பாரிசில், யாரோ ஒருவருடைய பழைய மெயிலுக்குள் அது கிடக்கிறது. 2002 க்கும் 2008 க்கும் இடையில் ஊரில் இருந்து வந்த மெயிலைத் தேடுங்கள். இணைப்பைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கிலமாகத் தெரியும். அது வைரஸ் அல்ல, பழுதாகவும் இல்லை. உங்கள் ஆச்சியின் பெயர் அதற்குள் இருக்கலாம். தயவுசெய்து அழிக்காதீர்கள். பாமினியை யூனிகோடாக மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றினதை மூலத்தோடு வைத்து ஒருவர் பார்க்க வேண்டும். சில இடத்தில் கொம்பு பக்கத்து எழுத்துக்குத் தாவிவிடும், பெயர் மாறிவிடும். அதைப் பார்க்கத் தெரிந்த கண்கள் இன்னும் ஊரில் இருக்கின்றன. எங்களுக்கும் வயது போகிறது.

என் மகள் போனை வாயருகே பிடித்துத் தமிழில் பேசுகிறாள், அது எழுதுகிறது. எங்கள் பேச்சு வழக்குக்கு அது சில இடத்தில் தடுமாறும், அவள் திரும்பச் சொல்லுவாள். எனக்குப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. தமிழ் எழுத்துக்குச் சொந்த எண் கிடைத்ததன் பலன்தான் அது எல்லாம். எந்தப் போனில் திறந்தாலும் அம்மா அம்மாவாகவே தெரிகிறா.

அண்ணையின் ஃபைலை என் லப்ரொப்புக்கு எடுத்தேன். பாமினியைப் போட்டேன். முழுவதையும் தெரிவுசெய்து எழுத்துருவை மாற்றினேன். ஒரு கணம்தான். அரைப்புள்ளியெல்லாம் மேலே ஏறி மெய்யெழுத்தின் குற்றாகி, எச் எல்லாம் ஆகாரத்தின் அரவாகி, பக்கம் முழுக்கத் தமிழாக எழும்பியது. அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். திதி வெண்பாவைத் தானே வாசித்தார். ராகத்தோடு வாசித்தார்.

வம்சாவளிப் பக்கம் வந்தது. பிள்ளைகள் ஆறு, மருமக்கள், பேரப்பிள்ளைகள். விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். சில பெயரில் விரல் நின்று நின்று போனது. அந்தக் கல்வெட்டு 2005 இல் அடித்தது.

"அண்ணை, இதில இல்லாமல் போனவைக்கு முன்னால அமரர் எண்டு போட்டுத் தரட்டோ?" என்று கேட்டேன். கடையில் வழமையாகக் கேட்கிற கேள்விதான்.

"வேண்டாம் பிள்ளை. ஒண்டையும் மாத்தாதை. அப்ப எல்லாரும் இருந்தவை."

மருமகனுக்கும் பேரனுக்கும் யூனிகோடில் மாற்றி, கொம்பெல்லாம் சரிபார்த்து மெயிலில் அனுப்பினேன். அண்ணைக்குப் பாமினி எழுத்திலேயே, இருந்தபடியே, 12 பக்கம், ஆறு பிரதி எடுத்துக் கொடுத்தேன். பொலித்தீன் பைக்குள் போனுக்குப் பதிலாக அவற்றை வைத்து மடித்தார். போனைச் சும்மா பொக்கற்றில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.