ஆணி கன் பாய்ந்தால் குறடு எடுக்காதீர்கள்

ஓசூர்ப் பக்கம் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பட்டறையில், காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் ஆணி கன்னிலிருந்து கையில் ஆணி பாய்ந்தால், பக்கத்தில் நிற்பவர் முதலில் தேடுவது குறடைத்தான். பேலட்டுக்கு அடிக்கும் ரோல் ஆணிகளை மெல்லிய கம்பியால் கோத்திருப்பார்கள். சுடும்போது கம்பி அறுந்து, துணுக்கு ஆணியோடேயே சதைக்குள் போகும். பின்னால் இழுத்தால் தூண்டில் முள் மாதிரி மாட்டி, தசைநாரையும் நரம்பையும் கிழித்துவிடும்.

முதலில் கன்னிலிருந்து கம்ப்ரசர் ஹோஸைக் (காற்றுக் குழாயை) கழற்றுங்கள். வீங்குமுன் மோதிரத்தை உருவுங்கள். ஆணி அசையாதபடி இருபக்கமும் துணி வைத்துக் கட்டுங்கள். அதே ரோலில் இருந்து ஓர் ஆணியையும் கொடுத்தனுப்பினால் நீளமும் கம்பியும் டாக்டருக்குத் தெரியும். கழுத்து, மார்பு, தலை, கண் என்றால் தொடாமல் 108-தான்.

ஆஸ்பத்திரியில், மரத்துப்போகும் ஊசிக்கு முன்பே உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும். அவசரத்தில் தவறுவது இங்கேதான். ஊசி போட்டபின் நரம்பு அறுந்ததா, மருந்தால் மரத்ததா என்று சொல்ல முடியாது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி இரு முனைக்கும் 6 மி.மீ. இடைவெளி விட்டு, விரல் நுனியின் இரு ஓரத்திலும் தனித்தனியே தொடுங்கள். இரண்டாகத் தெரிய வேண்டும். பிறகு நடுக்கணுவைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். மடங்கினாலும், எதிர்த்து அழுத்தும்போது வலித்தால் தசைநார் பாதி அறுந்திருக்கலாம்.

எக்ஸ்ரே நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒரே படத்தில் எலும்பை ஒட்டிப் போன ஆணியும் எலும்புக்குள் போனது போலவே தெரியும். விசையை அழுத்தியபடியே கன்னின் மூக்கை மரத்தில் இடித்துச் சுடும் வகை என்றால், துள்ளலில் இரண்டாவது ஆணியும் பாய்ந்திருக்கலாம். முழுக் கையையும் எடுங்கள்.

கம்பி இல்லை, மூட்டிலும் எலும்பிலும் ஏறவில்லை என்றால், மரக்கவைத்து, போன வாக்கிலேயே நேராக இழுக்கலாம். கம்பி இருந்து முனை மறுபக்கம் வந்திருந்தால், ஆணியின் தலையை வெட்டி, தண்டைச் சுத்தம் செய்து, முன்பக்கமாக உருவ வேண்டும். முனை உள்ளேயே நின்றால் கீறித்தான் எடுக்கணும். மூட்டுக்குள் போனதை வார்டில் பிடுங்கவே கூடாது. ஆபரேஷன் தியேட்டரில் எடுத்துக் கழுவ வேண்டும்.

துளையைத் தையல் போட்டு மூடாதீர்கள், அழுக்கு உள்ளேயே சீழ் கட்டும். கடைசி டி.டி. ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் இப்போது ஒன்று. அடுத்த சில நாட்களில் விரல் முழுக்கச் சீராக வீங்கி, சற்று மடங்கியே நின்று, உள்பக்கம் நெடுக அழுத்தினால் வலித்து, யாராவது நீட்டிவிட்டால் துடித்தால், அன்றைக்கே திரும்ப வரச் சொல்லுங்கள். தசைநார் உறையில் சீழ் பிடித்ததற்கான அடையாளங்கள் அவை, மாத்திரைக்கு அடங்காது.