உமி தின்ற ஹெரால்டு

ஆசைப்பட்டது ஸ்பிட்ஃபயருக்கு. டிரயம்ஃப் நிறுவனம் 1962-இல் கொண்டுவந்த அந்தத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், கும்பகோணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவனுக்கு எட்டுகிற பொருள் இல்லை. ஆனால் ஸ்பிட்ஃபயர் ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஹெரால்டு காரின் அடிச்சட்டமான சேஸியைக் குறுக்கித்தான் அதைச் செய்தார்கள். எஞ்சினும் அதே வம்சம். அந்த ஹெரால்டு 1961 முதல் நம்முடைய வண்டலூர்ப் பக்கத்திலேயே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் உருவானது. இரண்டு கதவு, பின்பக்கம் லேசாகத் தூக்கிய வால், இத்தாலிக்காரர் மிச்செலாட்டி வரைந்த உருவம். தங்கை கிடைக்காவிட்டால் அக்கா போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு மூன்று வருடம் தேடினேன்.

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஓடாத அரிசி ஆலை ஒன்றின் கொட்டகையில் அது நின்றது. 1964 மாடல். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் தென்னை ஒன்று கூரைமேல் சாய்ந்து, உடைந்த ஓடெல்லாம் கார்மேல் கொட்டியிருக்கிறது. அந்த மூலையைப் பிறகு யாரும் திறக்கவே இல்லை. நான் போனபோது பின் இருக்கையில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆலைக்காரப் பெரியம்மா பேரத்தை இரண்டே வாக்கியத்தில் முடித்தார்: "தை அறுவடைக்கு மூட்டை அடுக்க இடம் வேண்டும் தம்பி. பொங்கலுக்குள் எடுத்தால் எழுபதாயிரம், இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரன் வருவான்."

கார்த்திகை மழையில் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினோம். களத்துச் சேற்றில் டிராக்டர் புதைந்து, அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வந்தது. வீட்டு வாசலில் இறக்கியபோது என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "இதில் கார் எதுங்க?"

ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்தே எழுந்து நிற்கும். பிறகு முன் டயர்மேல் திண்ணையில் உட்காருவது போல உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இந்த வசதிக்காகவே இந்த வண்டியை விரும்பலாம் என்பது என் கட்சி. இன்றைய கார்களில் ஒரு பல்பு மாற்றக் கையைப் பாம்புபோல் வளைக்க வேண்டியிருக்கிறது.

எஞ்சின் அசையவில்லை. மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை யாரோ எப்போதோ கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. அந்த ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாக ஏதோ தெரிந்தது. கம்பியை விட்டுக் கிளறியதும் உமி வந்தது. எலி வேலை. ஆலையில் எலிக்கு நெல்லுக்குப் பஞ்சமா? அதோடு மழைத்தண்ணீரும் இறங்கி, உமி ஊறி, பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. நான்கு சிலிண்டரிலும் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, மார்கழி முழுக்கத் தினமும் காலையில் பிஸ்டன்களை அசைக்கும் கிராங்க் தண்டின் நட்டில் ஸ்பேனர் போட்டு ஒருமுறை அழுத்திப் பார்ப்பேன். கோலம் போடுகிற நேரமும் இதுவும் ஒன்றாகிவிட்டது. இருபத்து மூன்றாம் நாள் நகர்ந்தது, ஒரு விரற்கடை.

சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டைக் கழற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. இந்த எஞ்சினில் ஹெட், எஞ்சின் உடலான பிளாக்கில் நட்டுவைத்த ஸ்டட் என்கிற திருகுக் கம்பிகளின்மேல் உட்காருகிறது. துரு ஏறினால் ஒவ்வொரு ஸ்டட்டும் ஒரு ஆணி அறைந்த மாதிரி. மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி, எண்ணெய் விட்டு, மறுநாள் தட்டி, ஐந்து நாளில் தூக்கினேன். ஒரு ஸ்டட் உடைந்தது. பிறகு வீட்டுப் பூவரசில் செயின் பிளாக் கட்டி எஞ்சினை வெளியே எடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

பிளாக்கின் பக்கவாட்டு ஓட்டைகளை அடைக்கும் வெல்ஷ் பிளக்குகளைத் தட்டி எடுத்தபோதுதான் உண்மையான நோய் தெரிந்தது. தண்ணீர் ஓடும் அறை முழுக்க மண். அந்தக் காலத்தில் ரேடியேட்டர் சூடானால் பக்கத்து வாய்க்காலில் மொண்டு ஊற்றியிருக்கிறார்கள். கடைசிச் சிலிண்டரைச் சுற்றி மட்டும் நான்கு கைப்பிடி எடுத்தேன். கருப்பாக, வழவழப்பாக, அசல் வண்டல். வெண்டை விதை போட்டிருந்தால் முளைத்திருக்கும். அந்தச் சிலிண்டரில் தேய்மானம் மற்றதைவிட அதிகமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். குளிர்ச்சியே போய்ச் சேரவில்லை.

இனி லேத்து வேலை. சென்னைக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். டிராக்டரும் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினும் பார்க்கிற உள்ளூர்ப் பட்டறையில் ஸ்போர்ட்ஸ் கார் வம்சத்து எஞ்சினைக் கொடுப்பதா என்ற திமிர். செலவுக் கணக்குப் போட்டபின் திமிர் குறைந்தது. லேத்துக்கார அண்ணன் பிளாக்கைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுச் சொன்னார்: "ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சின் நாலு பிள்ளை பெற்ற மாதிரி இருக்கிறது. செய்யலாம். ஆனால் மாசி முடியட்டும்."

தையிலும் மாசியிலும் அவரிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. சம்பா அறுவடை. கதிர் அறுக்கும் இயந்திரம் ஒன்று வயலில் நின்றுவிட்டால் பத்து விவசாயிகள் பட்டறை வாசலில் நிற்பார்கள். என் எஞ்சின் ஒரு மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. அதுதான் நியாயமும்கூட.

அந்த இடைவெளியில் பிஸ்டன் தேடிச் சென்னைப் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன். "முதலில் பிஸ்டனைக் கொண்டுவா, அப்புறம்தான் போர் அடிப்பேன்" என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். சிலிண்டரைக் குடைந்துவிட்டு அதற்கேற்ற பிஸ்டனைத் தேடினால் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஒரு கடையின் பரணில் மெழுகுத்தாள் சுற்றிய பழைய பெட்டியில் நான்கு பிஸ்டன்கள் கிடைத்தன, முப்பது தௌ கூடுதல் அளவு. (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பட்டறைக்காரர்களின் தௌ.) கேஸ்கெட்டும் பேரிங்கும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். ஸ்பிட்ஃபயர் புண்ணியத்தில் அங்கே இந்த எஞ்சின் குடும்பத்துக்கு இன்னும் உதிரிகள் கிடைக்கின்றன.

பங்குனியில் வேலை நடந்தது. 63 மி.மீ. சிலிண்டர் 63.76 ஆனது. 948 சி.சி. எஞ்சின் கணக்குப்படி இப்போது 971. கிராங்க் பத்து தௌ கிரைண்டிங். ஹெட்டில் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுகள் உட்காரக் கடினமான சீட் பதித்தோம். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குப் பிறந்தது, ஈயம்தான் பழைய சீட்டைத் தேயாமல் காத்தது. அது 2000-இல் நாடு முழுவதும் நின்றுபோனது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது என்பதால் எரிபொருள் குழாய்களையும் மாற்றிவிட்டேன்.

சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங் முடிந்து வந்த பிளாக்கைக் கழுவுவது சாதாரண வேலை என்று நினைத்திருந்தேன். மண்ணெண்ணெயில் ஒருமுறை, சோப்புத் தண்ணீரில் மூன்றுமுறை. பிறகு அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, எண்ணெயில் நனைத்து, சிலிண்டருக்குள் விட்டுத் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம். பார்வைக்குச் சிலிண்டர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, துணி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஹோனிங் கல்லின் பொடி அந்த மெல்லிய குறுக்குக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. ரிங்குகளுக்கு அது உப்புத்தாள். பதினோராவது துண்டு வெள்ளையாகவே வெளியே வந்தபோது வேட்டியில் கரை மட்டும் மிச்சம் இருந்தது.

இனி நான் செய்த தவறு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை திரஸ்ட் வாஷர்கள். பின்பக்க மெயின் பேரிங்கின் இரு புறமும் இரண்டு அரைவட்டத் தகடுகள், அவ்வளவுதான். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னால் தள்ளப்படும், அந்தச் சுமை இவற்றின்மேல்தான் விழும். தேய்ந்தால் நழுவி, சம்ப் என்கிற எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்துவிடும். அதன்பின் கிராங்க் பிளாக்கையே அறுக்கும். இந்த எஞ்சின் குடும்பத்தின் பேர்போன பலவீனம் இது. எனக்கு எல்லாம் தெரியும். டயல் கேஜ் வைத்துக் கிராங்கை நெம்பிப் பார்த்தேன், ஆறு தௌ ஆட்டம். நான்கிலிருந்து எட்டுக்குள் இருந்தால் போதும். நோட்டில் எழுதி, அடிக்கோடும் இட்டு, சம்பையும் மூடிவிட்டேன்.

அன்று மாலை அண்ணன் வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "வாஷரில் கோடு இருக்குமே, எந்தப் பக்கம் வைத்தாய்?"

எண்ணெய் தங்குவதற்காக வாஷரின் ஒரு முகத்தில் கோடுகள் வெட்டியிருப்பார்கள். அந்த முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். நான் எந்தப் பக்கம் வைத்தேன்? வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. ஆறு தௌ என்று நோட்டைக் காட்டினேன். "கோடு எந்தப் பக்கம் இருந்தாலும் ஆறு ஆறுதான்" என்றார். தகட்டின் கனம் மாறுவதில்லையே. அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் நான் சம்ப் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். பின் பேரிங் மூடியை எடுத்து, மெல்லிய குச்சியால் வாஷரை வட்டமாகத் தள்ளி வெளியே கொண்டுவந்தோம். முன்பக்கத்தது சரி. பின்பக்கத்தது திரும்பி உட்கார்ந்திருந்தது. கிளட்ச் சுமையைத் தாங்குவது அந்தப் பின்பக்கத்துத் தகடுதான். அண்ணன் எதுவும் சொல்லவில்லை. விரலில் எண்ணெய் தொட்டுக் கோடுகளில் தடவி, என் கையில் திருப்பிக் கொடுத்தார். ஆயில் எஞ்சின் பார்க்கிறவர் என்று நான் நினைத்த மனிதர்.

மற்றவை விரைவாக நடந்தன. ரிங் இடைவெளி பத்து தௌ, வால்வு இடைவெளி பத்து தௌ, டைமிங் செயின் புதியது. ஆனி கடைசியில் எஞ்சின் மீண்டும் பூவரசிலிருந்து இறங்கி வண்டிக்குள் போனது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை காத்திருந்தேன். பிளக் மாட்டி முதல் முயற்சியில் கார்பரேட்டர் வழியாக ஒரு வெடி, என் புருவத்தில் கொஞ்சம் போனது. சிலிண்டர்கள் வெடிக்கும் 1-3-4-2 வரிசை சரி, ஆனால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச்சுற்று மாறி உட்கார்ந்திருந்தது. திருப்பிப் பூட்டி மறுபடி சாவியைத் திருப்பினேன்.

பிடித்துக்கொண்டது. முதலில் மூன்று சிலிண்டர், பிறகு நான்கு. ஒரு கணம் நின்றுவிடும் போல் திணறியது. ஏதோ அடைத்திருக்கிறது என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். பின்னாலிருந்து பீரங்கி மாதிரி ஒரு சத்தம். சைலன்சருக்குள் எலி சேர்த்துவைத்திருந்த நெல்லும் உமியும் கூடோடு வாசல் முழுக்கப் பறந்து விழுந்தன. எஞ்சினை முழுக்கப் பிரித்தவன் சைலன்சருக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடி வந்தன. எஞ்சின் இருபது நிமிடம் ஓடியது, அவை பொறுக்கி முடிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆனது. ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கினேன். தண்ணீர் பம்பு ஓரம் சொட்டுகிறது. பிரேக் இன்னும் கிடையாது. மாஸ்டர் சிலிண்டர் துருவைப் பார்த்தால் அது புரட்டாசிவரை இழுக்கும்.