நம் கணினிக்கு நாமே வாடிக்கையாளர்: ஏ பிளஸ் தேர்வுக்கு நான் படித்த விதம்

கணினி டெக்னீஷியன் வேலைக்கான சான்றிதழ் தேர்வு காம்ப்டியா ஏ பிளஸ். அதன் முதல் தாளுக்குப் பணம் கட்டிய வாரத்தில் என் வீட்டுக் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி நானே அசெம்பிள் செய்த கணினி அது. பன்னிரண்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம் இரண்டு, பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் பெட்டி. வீடியோ எடிட் செய்துகொண்டிருக்கும்போது பட்டென்று திரை கறுத்துவிடும், பிறகு முதலிலிருந்து வரும். ஒரு நாள் மூன்று முறை, இன்னொரு நாள் ஒன்றுமே இருக்காது. படிப்பதா, இதைச் சரி செய்வதா என்று தவித்தேன். கடைசியில் இரண்டும் ஒரே வேலையாகிவிட்டது. இதே தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தாளைப் பற்றி. நான் எழுதிய தாளின் எண் 220-1101. 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, 900க்கு 675 எடுத்தால் தேர்ச்சி. அதன் இடத்தில் 2025இல் 220-1201 வந்துவிட்டது. நேரமும் தேர்ச்சி மதிப்பெண்ணும் மாறவில்லை. ஹார்டுவேர், நெட்வொர்க் பழுது கண்டுபிடிக்கும் பகுதிக்குப் பழைய தாளில் 29 சதவீதம், புதியதில் 28. இரண்டு தாளிலும் இதுதான் பெரிய பகுதி. கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வுக்கு உட்காருகிறோம். அதனால் படித்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

பழுது பார்ப்பதற்குப் பாடத்திட்டம் ஆறு படிகள் வைத்திருக்கிறது. பிரச்சினை என்னவென்று தெரிந்துகொள்வது, காரணத்தை ஊகிப்பது, அந்த ஊகத்தைச் சோதிப்பது, திட்டம் போட்டுச் சரி செய்வது, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்து மறுபடி வராமல் தடுப்பது, நடந்ததை எழுதி வைப்பது. மனப்பாடம் செய்யப் பத்து நிமிடம் போதும். ஆனால் மாதிரித் தேர்வுகளில் நான் அதிகம் தவறவிட்டது, "அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்ற வகைக் கேள்விகளைத்தான். நான்கு விடையுமே நல்ல வேலையாகத்தான் தெரியும். கதையில் சொல்லப்பட்ட ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்று பிடிபட்டால்தான் விடை பிடிபடும். அது எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, இந்தக் கணினியிலிருந்துதான் வந்தது.

கணினியில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். "கெர்னல் பவர், 41" என்று வரிசையாக நின்றது. 'பவர்' என்ற சொல்லைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் 41 சொல்வது, விண்டோஸ் முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதை மட்டும்தான். கரண்ட் போனாலும் 41, ஹேங் ஆகி நாமே பட்டனை அழுத்தி அணைத்தாலும் 41.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் லைனில் 12.1, 5 வோல்ட் லைனில் 5.03. ஐந்து சதவீதம் ஏறலாம், இறங்கலாம் என்பது விதி. அதாவது 11.4 முதல் 12.6 வரை, 4.75 முதல் 5.25 வரை இருந்தால் சரி. இந்த எண்களைச் சும்மா படித்தபோது நிற்கவில்லை, கையில் மீட்டரோடு படித்த அன்று நின்றுவிட்டது. மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்ட் என்ற நிறங்களும் அப்படித்தான். இப்போது பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே வருவதால், மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் எது எங்கே இருக்கிறது என்றும் படம் போட்டுப் பழகுங்கள். ஒன்று மட்டும்: எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கபாசிட்டரில் ஆபத்தான அளவுக்குச் சார்ஜ் தங்கியிருக்கும்.

மீட்டர் சரியாகக் காட்டினாலும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று ஆகிவிடாது. லோடு ஏறும் நொடியில் விழுந்து எழும் வோல்டேஜை சாதாரண மீட்டர் பிடிக்காது. வேறொன்றை மாட்டித்தான் பார்க்க வேண்டும். பக்கத்துத் தெருவில் சர்வீஸ் வேலை செய்யும் அண்ணனிடம் கடன் கேட்கப் போனேன். ஏற்கெனவே ஒரு கடையில் பார்த்த மாத்திரத்தில் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே கேட்டார்.

"எப்போலேர்ந்து தம்பி இப்படி ஆகுது? அதுக்கு முன்னாடி எதையாவது கழட்டுனியா?"

"கூலர் மாத்துனேன்ணா. ஆனா இப்போ சூடு முன்னவிடக் கம்மியாத்தான் இருக்கு."

"சூட்டக் கேக்கல. கழட்டுனியான்னு கேட்டேன்."

அவர் கேட்டதுதான் முதல் படி. சமீபத்தில் என்ன மாற்றினீர்கள் என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும் எனப் பாடத்திட்டத்தில் இருப்பதை நானே அடிக்கோடு போட்டிருந்தேன். ஆனால் சொந்தமாகச் செய்த கணினிக்கு வாடிக்கையாளரும் நாம்தான், டெக்னீஷியனும் நாம்தான். நம்மை நாம் கேள்வி கேட்பதில்லை. பழுது வருவதற்கு ஒன்பது நாள் முன்பு, பிராசஸரின் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் கூலரை மாற்றியிருந்தேன். அந்தத் தேதியை ஒரு நோட்டில் எழுதி, அதிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

அண்ணன் கொடுத்த எஸ்எம்பிஎஸ்ஸிலும் அதேபோல் ரீஸ்டார்ட் ஆனது. அந்த ஊகம் முடிந்தது. அப்புறம் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள். ராம்தான் என்று உடனே தோன்றியது. ஆனால் இந்த முறை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். முதல் ராமைத் தனியாக, மதர்போர்டில் ராம் செருகும் இடங்களில் ஒன்றான ஏ2 ஸ்லாட்டில் வைத்தேன், பிழை இல்லை. இரண்டாவதை அதே ஏ2வில் வைத்தேன், பிழை இல்லை. முதல் ராமை பி2 ஸ்லாட்டில் வைத்தால் பிழை. இரண்டாவதை பி2வில் வைத்தாலும் பிழை. நோட்டில் நான்கே வரி. ராம் இரண்டும் நல்லவை, பி பக்கம்தான் கெட்டிருக்கிறது என்று அந்த நான்கு வரியும் சேர்ந்து சொன்னது. இரண்டையும் ஒரே நேரத்தில் இடம் மாற்றியிருந்தால் இது தெரிந்திருக்காது.

ராமை நடத்தும் கன்ட்ரோலர் பிராசஸருக்கு உள்ளேயே இருக்கிறது. இந்தத் தலைமுறை சாக்கெட்டில் 1700 நுண்ணிய கம்பிகள் பிராசஸரின் அடியில் அழுந்தி நிற்கின்றன. ராமுக்கான ஏ, பி என்ற இரண்டு பாதைகளும் (சேனல்கள்) அவற்றின் வழியாகத்தான் ஸ்லாட்டுக்குப் போகின்றன. கூலரை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கினால் எதிர்ப்பக்கத்தில் தொடர்பு தளரலாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கூலரைக் கழற்றினேன். கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே சூடு கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஒரு மூலையில் உலோகம் தெரியும் அளவுக்கு நசுங்கியிருந்தது, எதிர் மூலையில் வெண்ணெய் தடவியதுபோல் தடிமனாக இருந்தது. ஒரு திருகை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன். சாக்கெட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன், கம்பி எதுவும் வளைந்திருக்கவில்லை. துடைத்து, புது பேஸ்ட் வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக, ஒவ்வொரு திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். இரண்டு ராமும் போட்டு மெம்டெஸ்ட் நான்கு சுற்று: பிழை 0. மதர்போர்டு வாங்கவே தேவைப்படவில்லை.

உங்கள் கையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தால் வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்துப் படியுங்கள். ஒவ்வொரு முறையும் முழுதாக அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ராமை எடுத்துவிட்டுக் கணினியை ஆன் செய்தால் பீப் எப்படி வருகிறது, அல்லது மதர்போர்டில் எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள். பிராசஸருக்குப் போகும் 8 பின் கனெக்டரை மட்டும் எடுத்தால் ஃபேன் சுற்றும், படம் வராது. மதர்போர்டில் இருக்கும் சிறிய சிமோஸ் பேட்டரியை எடுத்தால் தேதி போய்விடும். கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிப் பாருங்கள். அறிகுறியைப் படித்ததும் கணினி கண்முன் வர வேண்டும், அதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஹார்டு டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதி) எண்ணிக்கை ஏறினால் டிஸ்க்கே கெடுகிறது, உடனே பேக்கப் எடுக்க வேண்டும். தகவல் போய்வரும் வழியில் சிதைவதைக் காட்டும் சிஆர்சி பிழை மட்டும் ஏறினால், பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான். டிஸ்க்கை மாற்றும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

தேர்வறையில், இழுத்துப் பொருத்தும் செய்முறைக் கேள்விகளைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் செய்தேன். மற்றவற்றை 60 நிமிடத்துக்குள் முடித்ததால் அவற்றுக்குப் போதுமான நேரம் கிடைத்தது. "முதலில்", "அடுத்து" என்ற சொற்கள் வந்த இடங்களிலெல்லாம், கொடுத்திருந்த தாளில் ஒன்று முதல் ஆறு வரை எழுதி, கதையில் முடிந்துவிட்ட படிகளை அடித்துவிட்டுத்தான் விடையைத் தொட்டேன்.